பிளாஸ்டருக்கு அடியில்

அக்கா,

இன்று காலை முதலுதவிப் பெட்டியைத் திறந்ததும் அந்தப் பிளாஸ்டர் வாசம் வந்தது. நம் தையல் லைனுக்குச் சூப்பர்வைசர் என்பதால் அதன் சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நீங்கள் போய் ஏழு மாதமாகிறது. எனக்கு இதுவரை அழுகை வரவில்லை.

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்த பிறகுதான் உங்களுக்குச் சாயங்காலமானால் காய்ச்சல் அடிக்கத் தொடங்கியது. சின்ன வயதில் மூட்டுக்காய்ச்சல் வந்து இதய வால்வு ஒன்று பழுதானதை நீங்கள் பல் டாக்டரிடம் சொல்லவில்லை. "பல்லுக்கும் நெஞ்சுக்கும் என்ன கண்ணு?" என்றீர்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஷிப்மெண்ட் நெருக்கடி வேறு. "ஒரு மாத்திரை குடு கண்ணு, இந்த லாட்டை முடிச்சுப்போடலாம்" என்பீர்கள். மூன்று வாரம் கொடுத்தேன்.

பிறகு விரல் நுனிகளில் சிவந்த புள்ளிகள் வந்தன. தொட்டால் வலித்தது. டெய்லர் விரலில் சிவப்பைப் பார்த்தால் நம் கம்பெனியில் யார் வேறு எதை நினைப்பார்கள்? "இருவது வருசமாத் தைக்கறீங்க, இன்னும் ஊசி குத்துதுங்களாக்கா?" என்று கேலி பேசிக்கொண்டே பிளாஸ்டர் ஒட்டினேன். நீங்களும் சிரித்தீர்கள்.

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. அந்த வெள்ளிக்கிழமை, பனியன் தோள்பட்டையை மூட்டிக்கொண்டிருந்தபோது உங்கள் வலது கை நழுவி மடியில் விழுந்தது. வாய் கோணியது.

கோவை ஆஸ்பத்திரியில் டாக்டர் நிதானமாகச் சொன்னார். பல் பிடுங்கிய புண் வழியாக ரத்தத்தில் கலந்த கிருமி, பழுதான வால்வில் தங்கி அதைக் கிழித்துவிட்டது. அங்கிருந்து உடைந்த துணுக்கு மூளைக்குப் போய் அடைத்திருக்கிறது. மூளையில் கசிவும் இருப்பதால் உடனே ஆபரேஷன் செய்ய முடியாது. "இந்த நோய்ல விரல்ல செவப்புப் புள்ளி வரும், ஏதாச்சும் பாத்தீங்களாம்மா?" என்றும் கேட்டார். அதற்குள் நர்ஸ், அன்று காலை நான் ஒட்டிய பிளாஸ்டரை உரித்துவிட்டார். குனிந்து பார்த்தேன். சிவப்பு இருந்தது. ஊசி நுழைந்த ஓட்டை இல்லை. நான்காம் நாள் போய்விட்டீர்கள்.

இன்று புதிதாகச் சேர்ந்த பெண் வந்து, "காய்ச்சலா இருக்குதுங்க, ஒரு மாத்திரை வேணுங்க" என்றாள். "மொதல்ல கையக் காட்டு கண்ணு" என்றேன். பத்து விரலையும் டியூப்லைட் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஆனாலும் மாத்திரை கொடுக்காமல் டாக்டரிடம் அனுப்பினேன். ஷிப்மெண்ட் நாளில் ஆளை அனுப்பினேன் என்று மேனேஜர் சத்தம் போட்டார். போடட்டும்.

ஊசி குத்திக்கொண்டு வருகிறவர்களுக்கு இப்போதும் நான்தான் பிளாஸ்டர் ஒட்டுகிறேன், அக்கா. ஒட்டுவதற்கு முன் ஓட்டையைத் தேடுகிறேன். அது கண்ணில் பட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வருகிறது.