பக்கத்து வளவில் நீர் வைத்த நீல விளக்கு

மூன்று நாள் ஆலோசனைக்குப் பிறகு இன்று காலை ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். குசினி அலுமாரியில், கரண்டிகளோடு கரண்டியாகக் கிடக்கும் உமது மின்சாரம் பார்க்கும் டெஸ்டர் இனிமேலும் அங்கேயே கிடக்கும். நம் மகளின் ஆட்சேபணை முறைப்படி கேட்கப்பட்டு நிராகரிக்கப்பட்டது. உலகம் இதை எப்படி ஏற்றுக்கொள்ளும் என்று தெரியவில்லை.

அதன் மஞ்சள் பிடியில் ஒரு பக்கம் உருகியிருக்கிறது. அது உருகிய பொழுது நான் பக்கத்தில்தான் நின்றேன். "ஓம், வேலை செய்யுது" என்றீர், எரிந்துகொண்டிருந்த மேசைவிரிப்பைப் பார்த்தபடி.

இடப்பெயர்வு முடிந்து நாரந்தனைக்குத் திரும்பியபோது நம் வளவில் தலையோடு ஒரு தென்னையும் நிற்கவில்லை. கூரை போட்டு, பிள்ளையைப் படிப்பித்து, இருவரும் ஓய்வூதியம் எடுத்த பிறகுதான் உமக்குக் கன்று வைக்க நேரம் கிடைத்தது. பன்னிரண்டு வைத்தீர். "நான் வைச்ச மரம் எண்டு சொல்ல இந்த வளவிலை ஏதாவது நிக்கவேணும்" என்றீர். அதற்கு மேல் நீர் எதையும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அடுத்த மாரிக்குள் கருவண்டு வந்துவிட்டது. பெருவிரலளவு உடம்பு, தலையில் கொம்பு, குருத்தைத் துளைத்து உள்ளே போய்க் குடியிருக்கும் வழக்கம். இரண்டு கன்று பட்டுப்போயின. நான் குடும்பத் தலைவன் என்ற முறையில் யாழ்ப்பாணம் போய், நுளம்பு அடிக்கும் மின்சார மட்டை ஒன்று வாங்கி வந்தேன். அடி வாங்கிய வண்டு ஒருமுறை உதறிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பறந்தது.

"இஞ்சேருங்கோ, உந்த மட்டையாலை அதுக்குக் கிச்சுகிச்சு மூட்டத்தான் ஏலும்" என்றீர்.

மின்சாரமில்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவில் வானொலியை ஓடவைத்தவர் நீர். நான் மிதித்தேன், நீர் செய்தி கேட்டீர். அந்த வேலைப் பங்கீடு பிறகும் மாறவில்லை. பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் வயிற்றிலிருந்து ஏதோ எடுத்தீர். ஒரு நீல விளக்கைச் சுற்றிச் சைக்கிள் சில்லுக் கம்பிகளை நிரையாக நிறுத்தினீர். வள்ளத்தில் கழித்துவிட்ட பற்றறி ஒன்றைக் கேட்டு வாங்கினீர். இரண்டு வாரம் சாப்பாட்டு மேசை உம்முடையது. நான் மடியில் வைத்துச் சாப்பிட்டேன், குறை சொல்லவில்லை. சொன்னேன்தான், ஆனால் மெதுவாக.

முதல் மாலையே இருபத்துமூன்று வண்டுகள். வெளிச்சத்துக்கு வந்து ஒவ்வொன்றும் கம்பியில் பட்டுச் சடாரென்று விழுந்தபோது நான் கைதட்டினேன். நீர் தட்டவில்லை. உமது இடது கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. "ரெண்டு கையும் பட்டா கரண்ட் நெஞ்சுக்குள்ளாலை போகும், இதுக்குக் கிட்டப் போனா ஒரு கை எப்பவும் பின்னாலை" என்பது உமது சட்டம்.

நாலாம் நாள் விடிய இன்னொரு கன்றின் குருத்து சரிந்து கிடந்தது. வேலிக்கு அப்பாலிருந்து அயல் வீட்டுக்காரி மகிழ்ச்சியோடு கூப்பிட்டாள்: "அக்கா, உங்கடை மிசின் வந்தாப் பிறகு எங்கடை பக்கம் ஒரு வண்டு இல்லை!"

நீர் கன்றையும் விளக்கையும் மாறி மாறிப் பார்த்தீர். "ஊர் வண்டு முழுதுக்கும் நானே வெளிச்சம் போட்டு வழி காட்டியிருக்கிறன்" என்றீர். கம்பியில் படாதவை கன்றில் இறங்கியிருந்தன. உமது கண் கலங்கியதை நான் கண்டது அன்றைக்குத்தான். மிச்சம் ஒன்பது கன்று.

வண்டு பெருகுவது மற்றப் பக்கம் ஆளில்லாமல் கிடந்த பக்கத்து வளவில், உக்கிக் கிடந்த தென்னங்குற்றிகளில் என்று கண்டுபிடித்ததும் நீர்தான். இயந்திரம் அங்கே போகவேண்டும். வளவின் சொந்தக்காரர் கனடாவில் இருக்கும் உமது பெரியம்மாவின் மகன். தொலைபேசியில் அவர் கத்தியது எனக்கும் கேட்டது.

"இண்டைக்கு மிசின் வைப்பியள், நாளைக்கு மாதா சுருவம் வைப்பியள். பிறகு காணி கோயிலுக்கு. எனக்குத் தெரியாதே எங்கடை ஊரை!"

"அண்ணை, மாதாவுக்கு இவ்வளவு கரண்ட் தேவைப்படாது."

கனடாவில் பெரிய சிரிப்பு. "சரி, வை பிள்ளை. செத்த வண்டைப் படம் எடுத்து அனுப்பு."

குற்றிகளைக் கொத்தி எரித்தோம். விளக்கை அங்கே வைத்தோம். விடியற்காலையில் காகங்கள் வரிசையாக வந்து காத்திருக்கத் தொடங்கின. நீர் தவறாமல் படம் அனுப்பினீர். சொந்தங்களிடமிருந்து அந்த மனிதருக்கு வந்த வாழ்த்து அட்டைகளை விட உமது வண்டுகள் அதிகமாக இருக்கும்.

நீர் போய் நான்கு வருடமாகிறது. பொழுது படும்போது இயந்திரத்தைப் போடுவது இப்போது நான். மனைவி கட்டிய இயந்திரம் என்று, கேட்பவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்கிறேன். கம்பி தளர்ந்தால் இறுக்கத் தெரியும். ஏன் வேலை செய்கிறது என்று மட்டும் தெரியாது. இடது கை எந்நேரமும் முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது. பூசைக்கு நிற்கும்போதும் அப்படித்தான். வயது போகப் போக எனக்கு ஒரு கம்பீரம் வந்துவிட்டதாகக் கோயிலில் பேச்சு. நான் திருத்தவில்லை.

ஒன்பதும் நிற்கின்றன. இந்த மாதம் சொதிக்குக் கடையில் தேங்காய் வாங்கவில்லை.