எண்ணெய் அரப்பு வைத்த எலும்புகள்

என் அன்பு அப்பாவுக்கு,

உங்கள் மூத்தவன் எழுதுகிறேன். உங்கள் கூட்டாளி முனியாண்டி அண்ணையும் பக்கத்திலிருந்து கேட்பார், கேட்கட்டும். வயல் பார்க்க ஒரே சைக்கிளில் போன இரண்டு பேரும் பதினொரு வருடம் கழித்து ஒன்றாகத்தான் கிடைத்திருக்கிறீர்கள். யார் செய்தது என்று இதில் எழுதமாட்டேன். எழுதினால் கடிதத்துக்கு முன்னே நானே உங்களிடம் வந்து சேர்ந்துவிடுவேன்.

சண்டையில் இடம்பெயர்ந்த நாங்கள் போன மாதம்தான் செட்டிகுளத்துக் காணிக்குத் திரும்பி வந்தோம். அயல்காணியில் பாழ்பட்டுக் கிடந்த கிணற்றைத் துப்புரவாக்க இறங்கினோம். முதலில் உங்கள் சைக்கிள் வந்தது. பிறகு எலும்புகள். வாய்விட்டு அழுதேன். அழுதுகொண்டே, ஒருவரையும் கேளாமல், ஒன்று விடாமல் வாளியில் அள்ளி மேலே ஏற்றினேன்.

பதினொரு வருடம் சேற்றில் கிடந்த தகப்பனை ஒரு மகன் அப்படியே விடுவானா? அம்மாதான் நல்லெண்ணெய்ப் போத்தலை நீட்டினார். எண்ணெய் வைத்து, சேறு போக அரப்புத் தேய்த்து, செத்தவீட்டில் செய்வதுபோல் ஒவ்வொரு எலும்பாக முழுக்காட்டினேன். எது யாருடையதென்று பார்க்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே வெள்ளை வேட்டியில் பரப்பினேன். அன்று மனம் நிறைந்திருந்தது, அப்பா. இப்போது நினைத்தால் என்னை நானே அடிக்கலாம் போலிருக்கிறது.

அடுத்த நாள் ஆஸ்பத்திரியிலிருந்து டொக்டர் வந்தார். பழைய புதைகுழிகள் தோண்டிப் பழகிய விரிவுரையாளர் ஒருவரும் தூரிகைகளோடு கூட வந்தார். வேட்டியைப் பார்த்ததும் டொக்டர் தலையில் கைவைத்தார்.

“ஏன் தம்பி கழுவினனீர்?”

“அவர் என்ரை அப்பா, ஐயா. அழுக்கோடை விடேலுமே?”

விரிவுரையாளர் கிணற்றடியில் குந்திவிட்டார். “கிடந்தபடி விட்டிருந்தால் ஆர் மேலை, ஆர் கீழை, எந்தக் கை எந்தத் தோளோடை எண்டு கண்டுபிடிச்சிருக்கலாம். எலும்போடை ஒட்டின, உடுத்த சாரத் துண்டாவது இருந்திருக்கும்” என்றார்.

டொக்டர் இடுப்பெலும்பைப் பார்த்து இருவரும் ஆண்கள் என்றார். பல்லின் தேய்வைப் பார்த்து இருவருக்கும் நாற்பது தாண்டியிருக்கும் என்றார். தொடையெலும்பை அளந்து ஏறக்குறைய ஒரே உயரம் என்றார். உயரத்திலாவது ஒருவர் விட்டுக்கொடுத்திருக்கக் கூடாதா?

என் இரத்தத்தை எடுங்கள் என்று கையை நீட்டினேன்.

“நீர் தந்து பிரயோசனமில்லை, தம்பி. இவ்வளவு காலம் தண்ணியிலை ஊறின எலும்பிலை மிஞ்சினால், தாய்வழி வாற டி.என்.ஏ.தான் மிஞ்சும். உமக்குள்ளை இருக்கிறது உம்மடை அம்மான்ரை. அப்பான்ரை தாய், இல்லாட்டிக் கூடப்பிறந்தவை ஆரும் வேணும்.”

உங்கள் தாய், அப்பாச்சி, இப்போது உயிரோடில்லை. உங்கள் ஒரே தங்கை, பிள்ளையில்லாத தேவி மாமி, இடம்பெயர்ந்து தர்மபுரத்தில் இருந்தபோது காய்ச்சலில் போய்விட்டார். அந்தச் செய்தியையும் இப்படியா சொல்ல வேண்டும்? முனியாண்டி அண்ணையின் தாயும் சகோதரங்களும் மலையகத்திலிருந்து கப்பலேறி இந்தியா போனவர்கள். அவர்களின் விலாசம்கூட இல்லை. டொக்டர் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு என்னிடமே தந்தார்.

நேற்று முனியாண்டி அண்ணையின் மனைவி செல்லம்மா அக்கா வந்தார்.

“தம்பி, ஓங்க அப்பாவ ஓங்க மொறப்படி எரிச்சுக்குங்க. எங்க வீட்டுக்காரர எனக்குக் குடுத்திருங்க. எங்க ஆளுக பொதைக்கிறதுதானே. நெருப்புன்னா அவருக்கு அவ்வளவு பயம்.”

பெட்டியைத் திறந்தேன். அக்கா ஒரு மண்டையோட்டை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார். மற்றதை எடுத்தார். “எது தம்பி?” என்றார்.

“தெரியாதக்கா. நான்தான் கலந்துபோட்டன்.”

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எவ்வளவோ நல்லது.

நான் பிறந்த அன்று, கொள்ளி வைக்க ஒருத்தன் வந்துவிட்டான் என்று ஊரெல்லாம் கற்கண்டு கொடுத்தீர்களாம். அந்த ஒரு வேலைக்குக்கூட நான் உதவாமல் போனேன். எரித்தால் யாரை எரிக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

நாளைக்கு இருவரையும் ஒரே குழியில் வைக்கப்போகிறேன். அக்காவின் மனுசனுடைய ஒரு விரலெலும்பைக்கூட நெருப்பில் போடமாட்டேன். அதற்காக, அப்பா, உங்களுக்கு நான் கொள்ளி வைக்கவே மாட்டேன். இது சத்தியம்.

கொள்ளி வைக்காத உங்கள் மூத்த மகன்,
குமார்