ஐம்பது நாள் தீட்டு

ஹமாமட்சு, ஜப்பான்
6 மார்ச் 2025

அம்மா,

நலமா என்று கேட்டு உன்னைப் பொய் சொல்ல வைக்க விரும்பவில்லை. அப்பா போய் முப்பத்திரண்டு நாள் ஆகிறது. போனில் நான் எதைக் கேட்டாலும் "சரிம்மா" என்கிறாய். அதனால்தான் இந்தக் காகிதம்.

இங்கே என் வீட்டுச் சொந்தக்காரர் ஓகாவா-சான் கீழ்த்தளத்தில் இருக்கிறார். போன சனிக்கிழமை அவர் மனைவி இறந்துவிட்டார். மறுநாள் காலை என் கதவைத் தட்டி, ஒரு வெள்ளைக் காகிதத்தைக் கையில் கொடுத்து, கீழே வர முடியுமா என்று கேட்டார். இங்கே வீடுகளில் சுவரில் உயரமாக ஒரு பலகை இருக்கும். அதன்மேல் ஒரு சின்ன மரக்கோயில். காமிதானா என்று பெயர். தினமும் அரிசி, உப்பு, தண்ணீர் வைப்பார்கள். வீட்டில் சாவு விழுந்தால் அந்தக் கோயிலின் முகத்தை வெள்ளைக் காகிதத்தால் மறைத்துவிட வேண்டும். ஐம்பது நாள் அதைக் கும்பிடக் கூடாது. ஷிண்டோ கோயிலுக்கும் போகக் கூடாது. நான் நாற்காலியில் ஏறி ஒட்டினேன். அவர் கீழே நின்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

ஏன் என்னைக் கூப்பிட்டார் என்று நேற்று ஆபீஸில்தான் தெரிந்தது. வீட்டு மனிதர்கள் ஒட்டக் கூடாதாம். அவர்கள்மேல் 'கெகாரே' இருக்கிறது. அதாவது தீட்டு. சாவு தொடாத வெளியாள்தான் ஒட்ட வேண்டும். அப்பா இறந்தது அவருக்குத் தெரியாது. லீவில் ஊருக்குப் போகிறேன் என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். தீட்டை மறைக்கத் தீட்டுக்காரியே ஏறியிருக்கிறேன்.

சிரிப்பு வந்தது. அப்புறம் ரொம்ப நேரம் வரவில்லை.

ஹம்சினி

*

பெஹாலா, கொல்கத்தா
17 மார்ச் 2025

அன்புள்ள ஹம்சினிக்கு,

கடிதம் வந்தது. போனில் நான் "சரிம்மா" என்பதற்குக் காரணம் உன் கோமதி சித்தி. சேஷாத்ரி சித்தப்பாவும் அவளும் தினமும் கரியாஹாட்டிலிருந்து வந்துவிடுகிறார்கள். நீ கூப்பிட்டால், ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் நிற்கிறாள்.

உன் தங்கை சாதனா கல்யாணத்தைத் தள்ளிப்போட வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. ஜூன் நாலாம் தேதியேதான். மாப்பிள்ளை ஹரீஷ் வீட்டார் ஒப்புக்கொண்டார்கள். பெண் கல்யாணத்தை வருஷத்துக்குள் நடத்தலாம் என்று அனந்தகிருஷ்ண சாஸ்திரிகளும் சொல்லிவிட்டார். சித்தப்பாவும் சித்தியும் கன்னிகாதானம் செய்வார்கள். சாதனா சித்தப்பா மடியில் உட்காருவாள்.

"மன்னி, நீங்க உள் ரூம்ல இருந்துக்கோங்கோ. தாலி முடியற வரைக்கும்தான். அப்புறம் சாப்பிட வரலாம்," என்றார் சித்தப்பா.

சரி என்றேன். அந்தச் சொல் வாயிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பத்தாம் வகுப்பில் நாற்பது பெண்கள். முதல் பீரியட் கணக்கு. காலையில் என் முகத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அந்தப் பெரியவரிடம் உண்மையைச் சொன்னாயா?

அம்மா

*

ஹமாமட்சு
28 மார்ச் 2025

அம்மா,

உள் ரூமா?

ஐம்பது நாள் ஆனதும் ஓகாவா-சான் அந்தக் காகிதத்தை எடுத்துவிடுவார். கோயிலுக்குப் போவார். வாசல் தொட்டியில் கை கழுவி, வாய் கொப்பளித்து, இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, இன்னொரு முறை குனிந்து எழுவார். அத்தோடு முடிந்தது. அடுத்த வாரம் யார் வீட்டுக் கல்யாணத்திலும் முன்வரிசையில் உட்காரலாம். மனைவியைத் தின்றவன் என்று அவரை யாரும் அறையில் வைக்கப்போவதில்லை. உனக்கு எத்தனை நாள்? சித்தப்பாவிடம் தேதி கேட்டு எழுது.

இந்த ஊரைச் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. பெண் கால் வைக்கக் கூடாத தீவு இங்கேயும் இருக்கிறது. மாட்டுத்தோல் உரித்தவர்களையும் பிணம் புதைத்தவர்களையும் கெகாரே என்று சொல்லித் தலைமுறை தலைமுறையாக ஊருக்கு வெளியே வைத்தவர்கள்தான் இவர்களும். அந்தத் தீட்டுக்கு ஐம்பதாம் நாள் வரவில்லை. யாரை அடக்கி வைக்க வேண்டுமோ அவர்களுடைய தீட்டுக்கு மட்டும் எந்த ஊரிலும் கடைசி நாள் கிடையாது.

நீ சரி என்றதை என்னால் தாங்க முடியவில்லை. வீட்டுக் கடன் பத்திரத்தில் உன் கையெழுத்து செல்லும். ஆஸ்பத்திரியில் அப்பாவின் ஆபரேஷனுக்கு உன் கையெழுத்து செல்லும். பெற்ற பெண்ணின் கல்யாண மேடையில் மட்டும் உன் உடம்பு செல்லாதா?

ஓகாவா-சானிடம் இன்னும் பேசவில்லை. வேலை அதிகம்.

ஹம்சினி

*

பெஹாலா
7 ஏப்ரல் 2025

ஹம்சினி,

வேலை அதிகம் என்று எழுதாதே. பயம் என்று எழுது. ஒரு வீட்டுக்காரரிடம் ஒரு வாக்கியம் சொல்ல உனக்கு ஒரு மாதம் போதவில்லை. எனக்கு மட்டும் ஒரே கடிதத்தில் வீரம் வந்துவிட வேண்டும்.

நான் சித்தப்பாவுக்குப் பயப்படுகிறேன் என்று நினைக்கிறாய். அவருக்கில்லை. போன ஞாயிற்றுக்கிழமை சாதனாவிடம் மெதுவாகக் கேட்டேன், "நான் மேடையில இருந்தா உனக்கு எப்படிடீ இருக்கும்?" என்று. அவள் மொபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஏக் தினேர் பேபார், மா" என்றாள். வெட்கம் வந்தால் அவளுக்கு பெங்காலிதான் வரும். ஒரு நாள் விஷயம்தானே என்கிறாள். ஹரீஷ் வீட்டில் என்ன நினைப்பார்களோ என்று அவளுக்குக் கவலை. தப்பு சொல்ல மாட்டேன். அவள்தான் அங்கே போய் வாழ வேண்டும்.

அந்த ஒரு வாக்கியத்தை எடுத்து உன் தத்துவத்தில் எங்கே வைப்பது என்று சொல். எனக்குத் தெரியவில்லை.

நீ முதலில் அந்தப் பெரியவரிடம் போ.

அம்மா

*

ஹமாமட்சு
20 ஏப்ரல் 2025

அம்மா,

பயம்தான். எழுதிவிட்டேன், போதுமா.

புதன்கிழமை உன் கடிதம் வந்தது. அன்றைக்கே கீழே போய்ச் சொன்னேன். நான் ஒட்டியபோது என் அப்பா இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது, தெரியாமல் செய்துவிட்டேன், தெரிந்த பிறகும் மறைத்தேன் என்று. அவர் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டார். வீட்டைக் காலி செய்யச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

மறுநாள் மாலை மேலே வந்தார். அப்பாவின் பெயர் என்ன என்று கேட்டார். மஹாதேவன் என்றேன். அவர் என்ன வேலை பார்த்தார் என்று கேட்டார். கிடர்பூர் துறைமுகத்தில் கப்பல் சரக்கு ஆபீஸ் என்றேன். இவரும் இளவயதில் கப்பலில் இருந்தவராம். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். போகும்போது, "உன்னுடையது போன மாதமே முடிந்துவிட்டது. என்னுடையது சனிக்கிழமை முடிகிறது. நீயே வந்து எடு," என்றார்.

நேற்று எடுத்தேன்.

இப்போது என் முறை. உனக்காக நான் பேசினால் உனக்குப் பிடிக்காது. பேசாமல் வந்து நிற்க எனக்குத் தெரியாது. அதனால் முடிவு செய்துவிட்டேன். நீ அறைக்குள் உட்காரும் கல்யாணத்துக்கு நான் வர மாட்டேன். டிக்கெட்டை கேன்சல் செய்துவிட்டேன். ஆகஸ்டில் லீவு இருக்கிறது. அப்போது பார்க்கலாம்.

ஹம்சினி

*

பெஹாலா
6 ஜூன் 2025

அன்புள்ள ஹம்சினிக்கு,

சாதனாவின் கல்யாணம் முந்தாநாள் நல்லபடியாக நடந்தது. மற்றவர்கள் உனக்கு வேறு மாதிரிச் சொல்வார்கள். நடந்ததை நான் எழுதுகிறேன்.

உள் ரூமில் எனக்கு நாற்காலி போட்டு, மின்விசிறி வைத்து, ஒரு ஃபிளாஸ்கில் காபியும் வைத்திருந்தாள் கோமதி. அவள் தாம்பாளங்களை எடுத்துக்கொண்டு வெளியே போனதும் நானும் எழுந்து போனேன். பெண்ணின் அப்பா உட்காருவதற்கு மேடையில் நெல்மூட்டை போட்டிருந்தது. அதில் போய் உட்கார்ந்துகொண்டேன். அதற்கு மேல் திட்டம் எதுவும் என்னிடம் இல்லை.

சித்தப்பா பஞ்சகச்சம் கட்டிக்கொண்டு வந்தார். "மன்னி, எழுந்திருங்கோ. எல்லாரும் பாக்கறா," என்றார்.

"பாக்கட்டும். இருபத்தாறு வருஷமா ஜுரம்னா இவ இந்த மடியிலதான் படுத்துண்டா. இன்னிக்கும் இங்கதான் உக்காருவா," என்றேன்.

நாதஸ்வரக்காரர் நிறுத்துவதா வேண்டாமா என்று தெரியாமல் ஏதோ இழுத்துக்கொண்டிருந்தார். சாஸ்திரிகள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "யார் மடின்னு நீங்களே பேசி முடிச்சுக்கோங்கோ. மந்திரம் சொல்றது என் வேலை. முகூர்த்தம் போயிண்டிருக்கு," என்றார். ஹரீஷின் அம்மா அலமு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இது பிடித்ததா பிடிக்கவில்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சாதனா முதலில் சித்தப்பாவைத்தான் பார்த்தாள். அதை எழுதாமல் விட மாட்டேன், வலித்தது. அப்புறம் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து என் மடியில் உட்கார்ந்தாள். அறுபத்தைந்து கிலோவாவது இருப்பாள். மூன்றாவது முடிச்சு விழும்போது என் கால் மரத்துப்போய்விட்டது. எழுந்திருக்க ஹரீஷ்தான் கை கொடுத்தான்.

சித்தப்பாவும் சித்தியும் சாப்பிடாமல் போய்விட்டார்கள். அவர்களோடு இன்னும் பதினைந்து பேர். இனி இந்த வீட்டு வாசற்படி மிதிக்க மாட்டோம் என்று நேற்று போன் வந்தது. சரி என்றேன். இந்த முறை அந்தச் சொல்லைச் சந்தோஷமாகச் சொன்னேன்.

இனி உன் விஷயம். நான் அறைக்குள் உட்காரும் கல்யாணத்துக்கு வர மாட்டேன் என்று எழுதினாய். நான் உட்கார மாட்டேன் என்று உனக்கு ஒரு நிமிஷமாவது தோன்றியதா? இந்த ஜலஜா உள்ளேதான் இருப்பாள் என்பதில் சித்தப்பாவுக்கு எவ்வளவு நம்பிக்கையோ, உனக்கும் அவ்வளவு நம்பிக்கை. அவர் அதற்கு நாற்காலி போட்டார். நீ டிக்கெட்டை கேன்சல் செய்தாய்.

ஆகஸ்டில் வா. நிபந்தனை எதையும் முன்னால் எழுதி அனுப்பாதே. நான் ஏர்போர்ட்டுக்கு வர முடியாது, பள்ளிக்கூடம் இருக்கும். டாக்ஸி பிடித்து வந்துவிடு.

உன் அம்மா,
ஜலஜா