ஐஸும் தண்ணிதான்

2024 ஏப்ரல் 2, செவ்வாய்

நான்கு நாளில் இவர் மூன்று கிலோ எண்ணூறு ஏறியிருக்கிறார். எடை மெஷினில் நின்றபோதே முகத்தைத் திருப்பிக்கொண்டார். நர்ஸ் சந்தனம் என்னைத்தான் கேட்டாள். "அம்மா, அய்யாவுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடுக்குறீங்க?"

எழுநூறு மில்லி. டீ, ரசம், கஞ்சி எல்லாம் அதற்குள் அடக்கம். காலையில் கோடு போட்ட பாட்டிலில் ஊற்றி வைத்தால் அதுதான் அன்றைக்கு. அப்படியிருக்க எப்படி ஏறும்?

ஊசி குத்தி டயாலிசிஸ் மெஷின் ஓட ஆரம்பித்த பிறகுதான் ஒத்துக்கொண்டார். நான் பள்ளிக்கூடம் போனபின் ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸ் எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறாராம்.

"அது கட்டிதானம்மா" என்றார்.

"அய்யா, ஐஸும் தண்ணிதான்."

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. முப்பத்தோரு வருடம் கவர்மெண்ட் பஸ் ஓட்டியவர். திரும்பும்போது ஜன்னலோரம் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஊர் வரும்வரை ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஏப்ரல் 4, வியாழன்

ஐஸ் தட்டை எடுத்துப் பரணில் போட்டேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வந்தால் ஞானராஜ் உட்கார்ந்திருந்தார். இவர் ஓட்டிய பஸ்ஸில் பதினாறு வருடம் கண்டக்டர். சிங்கப்பூரில் மகன் வீட்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்திருக்கிறார். பையிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியைப் பாதி எடுத்தவர், இவருடைய காலைப் பார்த்தார். வீங்கிப்போன கால். பெட்டியைத் திரும்ப உள்ளே தள்ளினார்.

"என்னடா அது?"

"ஒண்ணுமில்லண்ணே."

"எடு."

விஸ்கி.

"வெளிநாட்டுச் சரக்கு ஒண்ணு வாங்கித் தாரேன்னு அண்ணனுக்கு அப்பவே சொல்லியிருந்தேன். சொன்ன சொல்லுக்குத்தான் அண்ணி. குடிக்கணும்னு இல்ல, சும்மா வச்சிருங்க."

பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். இவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

குடியை விட்டு ஒன்பது வருடம். மகள் ஜெனிஷாவின் நிச்சயதார்த்தத்தில், சம்பந்தி வீட்டார் எல்லாரும் இருக்க, நாற்காலியோடு விழுந்தார். மறுநாளிலிருந்து தொடவில்லை. சத்தியம் செய்யவில்லை, யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. நல்ல காரியம் என்றுகூடச் சொல்லவில்லை.

ஏப்ரல் 9, செவ்வாய்

ஆஸ்பத்திரி போகும் பஸ் குளத்தூர் தாண்டியதும் கேட்டார். "ராவா குடிச்சா முப்பது மில்லிதானே?"

எதைச் சொல்கிறார் என்று உடனே புரிந்தது. புரியாதமாதிரி வெளியே பார்த்தேன்.

"தண்ணி ஊத்துனா நூத்தம்பதுக்குப் போயிரும். ஐசு போட்டாலும் கணக்குல வரும்னு அந்தப் புள்ள சொல்லிருச்சு. ராவா முப்பது. ஒரே ஒரு நா. எழுநூறுல கழிச்சுக்க."

"வாய மூடிக்கிட்டு வாங்க."



ஏப்ரல் 10, புதன்

இன்று சத்துணவில் அரிசி அளக்கும்போது நினைவு வந்தது. அந்தக் காலத்தில் நான்தான் கலந்து கொடுப்பேன். டம்ளரில் விஸ்கி இரண்டு விரல், மேலே கழுத்து வளையம் வரை தண்ணீர். ஒரு நாளும் தவறினதில்லை என் கை. கோடையில் ஐஸ் வேண்டும். ஃப்ரிட்ஜ் ஏது அப்போது? மீன்காரர் வீட்டுக்குப் போய்த் துண்டில் சுற்றி வாங்கிவருவேன். ஜெனிஷா வயிற்றில் எட்டு மாதமாக இருந்தபோதும் போனேன்.

"ராவா அடிக்கிறவந்தான் குடிகாரன். நான் தண்ணி கலந்துல்ல சாப்புடுறேன்" என்பார். அதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. இப்போது அவரே ராவாகக் கேட்கிறார்.

கோபம் வரவேண்டும். வரவில்லை. பாவமாகவும் இல்லை. கையில் அரிசி, அவ்வளவுதான்.

ஏப்ரல் 12, வெள்ளி

டாக்டர் காவ்யாவிடம் கேட்டுவிட்டேன். என் மகள் வயதுகூட இருக்காது. வெட்கமாக இருந்தது. திட்டும் என்று பார்த்தேன். பேனாவைக் கீழே வைத்தது.

"குடிங்கன்னு நான் சொல்ல முடியாதும்மா. ஒரு தடவை, முப்பது மில்லின்னா... தண்ணிக் கணக்குல சேத்துக்கங்க." கொஞ்ச நேரம் ஃபைலைப் புரட்டிவிட்டுச் சொன்னது: "அவரு இதயம் இப்ப முப்பது சதவீதம்தான் வேலை செய்யுது. அவருக்கு என்ன ஆசையோ கேட்டு வைங்க."

பிறகு சந்தனம் கூப்பிட்டாள். கையெழுத்துப் போடப் போனேன்.

ஏப்ரல் 15, திங்கள்

உதடு வெடித்து ரத்தம் கசிந்திருந்தது. தண்ணீர் குடித்தீர்களா என்றால் குடித்தேன் என்கிறார். பாட்டிலும் குறைந்திருக்கிறது. கட்டிலுக்கடியில் கூட்டும்போது விளக்குமாற்றில் இடித்தது — மூடி போட்ட சில்வர் டம்ளர். பாதித் தண்ணீர்.

"என்னங்க இது?"

"சேத்துவைக்கிறேன்."

"எதுக்கு?"

"ராவா எனக்கு எறங்காது அருளு. யோசிச்சுப் பாத்தேன். கொஞ்சமாச்சும் தண்ணி வேணும். எனக்குக் குடுத்த தண்ணிதானே, ஒங்கிட்ட அதிகமாக் கேக்கலயே."

வெளியே நூற்று நாலு டிகிரி. டம்ளரை இருந்த இடத்திலேயே வைத்தேன்.

ஏப்ரல் 18, வியாழன்

நாளை ஓட்டு. பள்ளிக்கூடத்தைத் தேர்தல்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். சமையல் இல்லை. பகல் பதினொரு மணிக்கு இவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

எழுதலாமா இதை? எழுதுகிறேன். யார் படிக்கப் போகிறார்கள்.

பீரோவைத் திறந்து பாட்டிலை எடுத்தேன். அடுப்படிக் கதவைச் சாத்தினேன். மூன்று டம்ளர். ஒன்றில் ராவாக ஒரு மூடி. ஒன்றில் தண்ணீர் கலந்து. ஒன்றில் ஐஸ் — தட்டைப் பரணிலிருந்து இறக்கி நேற்றே வைத்திருந்தேன். அப்படியானால் நேற்றே முடிவு செய்துவிட்டேனா?

ராவாகக் குடித்தால் நெருப்பு. ருசி ஒன்றும் தெரியவில்லை, மூக்கில் தண்ணீர் வந்தது. ஐஸ் போட்டது பல்லில் கூசியது, வாசனையே இல்லை. தண்ணீர் கலந்ததை வாயருகே கொண்டுபோனதும் அப்படியே நின்றுவிட்டேன். இவருடைய வாசனை. சட்டையில், தலையணையில், பிள்ளை முகத்தில் அடித்த அந்த வாசனை. விஸ்கி என்றால் அப்படித்தான் நாறும் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். தண்ணீர் ஊற்றினால்தான் அது வருகிறது. என் கையால்தான் ஊற்றியிருக்கிறேன்.

இதற்காகவா அத்தனையும்?

மூன்று டம்ளரையும் புளி போட்டுத் தேய்த்தேன். தலை லேசாகச் சுற்றியது. அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 19, வெள்ளி

காலையில் ஆஸ்பத்திரி, மாலையில் ஓட்டு. இவருக்கு வரிசையில் நாற்காலி போட்டார்கள்.

ஏப்ரல் 21, ஞாயிறு

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பாட்டிலைக் கொண்டுபோய் முன்னால் வைத்தேன். என்னையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"டாக்டர்ட்ட கேட்டுட்டேன். முப்பது."

"நீயே ஊத்து. ஒனக்குத்தான் அளவு தெரியும்."

"ஒங்க கையாலயே ஊத்திக்கங்க."

பாட்டிலைச் சாய்த்தார். கொஞ்சம் பாயில் சிந்தியது. நான் எழுந்திருக்கவில்லை. டம்ளரில் விஸ்கியை ஊற்றினார். பிறகு குனிந்து, கட்டிலுக்கடியில் சேர்த்துவைத்திருந்த தண்ணீரை எடுத்தார். நூற்றியிருபது மில்லி இருக்கும். கலக்கப் போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் டம்ளரை அப்படியே வாயில் வைத்தார். நிறுத்தவில்லை. மடக் மடக்கென்று, கண்ணை மூடிக்கொண்டு, கடைசிச் சொட்டுவரை. குடித்து முடித்து டம்ளரின் அடியைப் பார்த்தார்.

"குடிச்சுப்புட்டேன்" என்றார். திருடி மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி.

விஸ்கி அப்படியே இருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்தவர், என் பக்கம் தள்ளிவிட்டார்.

"தண்ணிதான் கேட்டுருக்கு இந்த ஒடம்பு. இதுன்னு நெனச்சுட்டேன்."

பிறகு சொன்னார்: "மீன்காரன் வீட்டுக்கு வெயில்ல நடக்கவிட்டேன் ஒன்னய. வயித்துல புள்ளயோட."

ஆமாம் என்றேன். பரவாயில்லை என்று சொல்லவில்லை. அவரும் அதை எதிர்பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 30, செவ்வாய்

மெஷினில் இரண்டு தடவை பிரஷர் இறங்கிவிட்டது. பாதியில் நிறுத்தினார்கள். டாக்டர் காவ்யா கட்டிலருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தது. இவரே கேட்டார். "நிறுத்திட்டா எத்தன நாளும்மா?"

"ஒரு வாரம். பத்து நாள். சொல்ல முடியாதுங்கய்யா."

"தண்ணி குடிக்கலாமா?"

"குடிக்கலாம். மூச்சு வாங்குனா மட்டும் குறைச்சுக்கங்க."

இவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பஸ் ரூட் முடிவு செய்ததுபோல.

மே 2, வியாழன்

திருச்சியிலிருந்து ஜெனிஷா வந்துவிட்டாள். அழுகை, சண்டை. "நீ சொன்னா கேப்பாரும்மா. ஒரு வார்த்த சொல்லும்மா." இவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "கெடந்து சாகுறதுக்கு மெஷின் எதுக்குத்தா" என்றார்.

நான் சொல்லவில்லை. அவர் கஷ்டப்பட வேண்டாம் என்றா? இல்லை, பழையதை மனதில் வைத்துக்கொண்டா? ரொம்ப நேரம் கேட்டுப் பார்த்தேன். பிறகு எழுந்து ஜெனிஷாவுக்குப் பாய் போட்டேன்.

மே 3, வெள்ளி

விடியும்போதே பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். ஆறு மணி பஸ்ஸின் டிரைவர் ஆத்மநாதன், இவரிடம் வேலை பழகியவர். ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் எங்கள் தெருமுனையைப் பார்த்தபடி ஒரு நிமிடம் கூடுதலாக நிறுத்துவார். சொல்லாவிட்டால் காத்திருப்பார்.

"அண்ணன் எங்கம்மா?"

"இனிமே வரமாட்டாங்க தம்பி. ஆஸ்பத்திரி வேணாம்னுட்டாங்க. நீங்க நிக்கவேணாம்."

ஆத்மநாதன் இஞ்சினை அணைத்தார். பஸ்ஸுக்குள் யாரோ நேரமாச்சு என்றார்கள். அவர் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடியே இருந்தார். நான்தான் எடுங்க தம்பி என்றேன்.

ஆறே காலுக்கெல்லாம் வீடு திரும்பிவிட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை முழுக்க மிச்சமிருந்தது.

மே 5, ஞாயிறு

ஞானராஜ் வந்தார். இவரே கேட்டார். "அருளு, இப்பத்தான் கணக்கு இல்லயே."

இரண்டு விரல். கழுத்து வளையம் வரை தண்ணீர். மூன்று ஐஸ். என் கை மறக்கவில்லை. ஜெனிஷா எழுந்து கொல்லைக்குப் போய்விட்டாள். தலையணை வைத்துச் சாய்த்துக் கொடுத்தேன். இரண்டு மிடறு குடித்தார். "இப்புடித்தான் இருக்கணும்" என்று ஞானராஜிடம் சொன்னார். மூன்றாவது மிடறு வேண்டாம் என்றார். டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார், ஐஸ் கரையும்வரை. அந்த வாசனை வீடெல்லாம் பரவியது. நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். எழுந்து போகவேண்டும் என்று தோன்றவில்லை.

மே 9, வியாழன்

சர்ச் சாமியார் வந்து எண்ணெய் பூசி, நோயில்பூசுதல் கொடுத்தார். இவர் தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். திரும்பக் கேட்டார், கொடுத்தேன்.

மே 11, சனி

தூக்கம்தான். ஜெனிஷா பஞ்சை நனைத்து உதட்டில் வைக்கிறாள்.

மே 12, ஞாயிறு

மழை. காலை பத்தேகாலுக்கு இவர் மூச்சு அடங்கியது.

ஜூன் 10, திங்கள்

பள்ளி திறந்தது. நூற்றுப் பதினான்கு பிள்ளைகள் வந்திருந்தார்கள். சமையல்கார தங்கமுத்து என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னும் ஒரு மாசம் லீவு போட்டுருக்கலாம்லக்கா." வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது என்றேன். அரிசி அளந்து போட்டேன். சாம்பாருக்கு உப்புப் பார்த்தேன்.

சாப்பிட்டு முடித்துப் பிள்ளைகள் எல்லாரும் குழாயடிக்கு ஓடினார்கள். தட்டைக் கழுவிவிட்டுக் குழாயில் கையை ஏந்திக் குடித்தார்கள். வாயில் பாதி, சட்டையில் பாதி. ஒரு சின்னப் பெண் குடித்துவிட்டுப் போய், திரும்பி வந்து மறுபடியும் குடித்தாள். வயிறு உப்பிவிட்டது. குழாயை மூடாமல் ஓடினாள். வழக்கமாக இந்நேரம் நான் அதட்டியிருப்பேன்.

மணி அடித்துவிட்டது. கரண்டியைக் கையில் பிடித்தபடி, தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றேன். கன்னம் நனைந்திருந்ததைத் தங்கமுத்து சொல்லித்தான் கவனித்தேன். பிறகு போய்க் குழாயை மூடினேன்.