மோதிரக் கல்லின் பச்சை

ஜூலை, ஞாயிறு. மழை விடவில்லை.

அமெரிக்காவின் சூனி என்ற பழங்குடி மக்கள் செய்த பழைய நகைகளை என் கணவர் தேடித் தேடிச் சேர்த்தார். அதில் ஒரு வெள்ளி மோதிரத்தை மட்டும் கழற்றியதே இல்லை. நீல டர்க்காய்ஸ் கல் அவருடைய வேர்வையைக் குடித்துக் குடித்துப் பச்சையாகியிருந்தது.

அவர் போய் ஒரு வருஷம்; நாளை ஆட்டைத்திவசம். மகள் வீட்டிலிருந்த நகைகளையெல்லாம் சவர்க்காரம் கரைத்த வெந்நீரில் ஊறப்போட்டாள். அதற்குள் அந்த மோதிரத்தையும் போட்டுவிட்டாள்.

"அம்மா, லுக்! அப்பான்ர ரிங் எவ்வளவு கிளீன்!"

கல் சுண்ணாம்பாய் வெளிறிக் கிடந்தது. சவர்க்காரம் படக்கூடாதென்று அவர் எனக்குத்தான் சொல்லியிருந்தார். பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

"ஓம் பிள்ளை, வடிவாயிருக்கு" என்றேன்.

சான்ட்ரிங்ஹாம் கடைத்தெருவுக்குப் பூ வாங்க அவள் போன பிறகும் பச்சை கரைந்த அந்தத் தண்ணீரைக் கொட்ட மனம் வரவில்லை. கிண்ணத்தை மூடி அவர் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன்.