திரும்பி வராத அட்வான்ஸ்

12.10.91, சனி

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. அறைக்குள்ளேயே கொடி கட்டி, அதற்கு அடியில் குனிந்து குனிந்து சமையல்.

வீட்டுக்காரர் வந்தார். வாசலிலேயே நின்றார், குடையை மடக்கவில்லை.

"இன்னாம்மா, அடுத்த மாசத்துலேர்ந்து வாடகை நானூத்தம்பது. ஒன் புருசன் கைல சொல்லிடு."

"முந்நூறுலேர்ந்து ஒரேயடியாவா?"

"கம்பெனி பசங்க நாலு பேர் கேட்டுகினு கீறாங்க. ஆளுக்கு நூத்தம்பது. இஷ்டம்னா இரு, இல்லன்னா காலி பண்ணு."

இவர் ஷிப்ட் முடிந்து வந்ததும் சொன்னேன். சட்டையைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார். மறைமலை நகருக்கு வந்து ஒரு வருஷம். பத்து மாத வாடகை அட்வான்ஸ், என் சங்கிலியை விற்றுக் கொடுத்தது. குழந்தை இருந்தால் தண்ணீர் செலவாகும், கூடாது என்று அன்றைக்கே கண்டிஷன். அதனால்தான் மீனா சாத்தூரில், என் அம்மாவிடம். மூன்று வயது.

13.10.91, ஞாயிறு

கொஞ்சம் வெயில். வீடு தேடி அலைச்சல். பக்கத்துத் தெருக்களிலும் இதே வாடகை. ஓரிடத்தில் "பேமிலிக்குக் குடுக்கறதில்ல." பசங்கள்தான் வேண்டுமாம்!

கடைசியில் பஸ் மாறி வடக்குப்பட்டு. ஓட்டு வீடு, பின்னால் கிணறு. நூற்றைம்பதுதான். அட்வான்ஸ் ஆயிரம். வீட்டுக்காரம்மா பெயர் ஸ்டெல்லா, தனி ஆள்.

"கொழந்த இல்லியா?" என்று கேட்டார். சொன்னேன்.

"இட்டுகினு வா. எனக்கும் பேச்சுத் துணை. வெள்ளிக்கெழம வரிக்கும் வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்."

கம்பெனி பஸ் அங்கே வராது. "சைக்கிள்லயே போயிட்டு வந்துருவேன்" என்றார் இவர். அவ்வளவு தூரம், இந்த மழையில் எப்படி என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மனசு மாறிவிடுவாரோ என்று பயம்.

15.10.91, செவ்வாய்

காலி பண்ணுகிறோம், அட்வான்ஸ் வேண்டும் என்று கேட்க இவர் போனார். நானும் பின்னாலேயே.

"தர்றேன்யா, எங்க ஓடிடப் போறேன்?"

"எப்ப?"

"இன்னும் ரெண்டு மூணு மாசம் ஆவும்."

இவர் சத்தம் போட்டார். லைன் வீடுகளில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. கையைப் பிடித்து இழுத்து வந்தேன். மானம் போயிற்று.

16.10.91, புதன்

விடாத மழை. மத்தியானம் வீட்டுக்காரரின் மனைவி கன்னியம்மா, முருங்கைக்கீரையோடு. என் பக்கத்தில் உட்கார்ந்து அவரே ஆய்ந்தார். தலை நிமிரவில்லை.

"ஒங்க அட்வான்ஸ் துட்டு இப்ப எங்க கைல இல்ல கண்ணு. பையனுக்குக் கம்பெனில வேல வாங்கித் தர்றேன்னு ஒர்த்தன் வந்தான். அவன் கைல குடுத்துட்டாரு. இப்ப ஆளயே காணோம். நெலத்த வித்து இந்த ஊடுங்கள கட்னோம். நாங்களே பின்னாடி ஒரு ரூம்ல கீறோம், பார்க்கறல்ல?"

பார்த்திருக்கிறேன். அவர் இருக்கும்வரை கோபம் வரவில்லை. போன பிறகு வந்தது. கீரை ருசியாக இருந்தது, அதுவும் எரிச்சல்.

18.10.91, வெள்ளி

இவர் கம்பெனியில் கடன் கேட்டிருக்கிறார். தீபாவளி போனஸ் வரட்டும் என்று சொல்லிவிட்டார்களாம்.

தவணை கேட்க நான் மட்டும் வடக்குப்பட்டு. ஸ்டெல்லா அம்மா காபி கொடுத்தார். "நாளைக்கு வேற ஒர்த்தர் துட்டோட வர்றாங்கம்மா. எனக்கும் மருந்து வாங்கணும். தப்பா நெனச்சுக்காத." தப்பாக நினைக்க என்ன இருக்கிறது. கிணற்றை இன்னொரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம், கம்பியைப் பிடித்து நின்றபடி ஒரே யோசனை. நாம் போக முடியாது, சரி. ஆனால் அட்வான்ஸைத் தராமல் வீட்டுக்காரரால் நம்மைப் போகச் சொல்லவும் முடியாதே?

19.10.91, சனி

இவரிடம் சொல்லாமல் நானே வீட்டுக்காரரிடம் போனேன்.

"அட்வான்ஸ் கைக்கு வர்ற வரைக்கும் நாங்க இங்கதான். வாடகை முந்நூறுதான். எம் பிள்ளையையும் கூட்டிட்டு வரப் போறேன்."

"இன்னா பேசற நீ? கொழந்த கூடாதுன்னு அன்னிக்கே..."

"அப்ப மூவாயிரத்தை எடுத்து வைங்க. இன்னைக்கே போயிடுறோம்."

உள்ளேயிருந்து கன்னியம்மா: "வரட்டும் வுடுய்யா."

அவர் குடையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். வீட்டுக்கு வந்து ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன். மெதுவாக இவரிடம் சொன்னேன். "டிக்கெட்டுக்குப் பணம் வச்சிருக்கியா?" என்றார்.

24.10.91, வியாழன்

சாத்தூர் போய் மீனாவோடு காலையில் வந்து சேர்ந்தேன். ரயிலில் இடம் இல்லை, மடியிலேயே தூங்கினாள். அம்மா அழுததை எழுத வேண்டாம்.

மழைதான். அறையில் பாதி ஈரத்துணி. சுவரில் தொடங்கி எதிர்ச் சுவர்வரை நடந்து பார்த்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்காரர் அந்தப் பக்கமாகப் போனார், இவளைப் பார்த்தார், தலையைத் திருப்பிக்கொண்டார்.

"இது யாரு வீடும்மா?"

"நம்ம வீடுதான்."

நம்பவில்லை. செருப்பைக் கழற்றச் சொன்னால் மாட்டேன் என்கிறாள்.

"அம்மாச்சி வீட்டுக்கு எப்பப் போவோம்?"

இவர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், அப்படியே நின்றுவிட்டார். நான் சோறு பிசைந்து ஊட்டினேன். செருப்போடுதான் சாப்பிட்டாள்.