சொல்லாமல் விட்ட வடம்

நெஞ்சை விட்டு இறங்காத என் மாப்பிள்ளை மாதப்பனுக்கு,

நீ போய் ஒன்பது வருஷம் ஆகிறது. இத்தனை நாளும் ஒரு வரி எழுதத் தோன்றாதவன் இன்றைக்கு ஏன் காகிதமும் கையுமாக உட்கார்ந்திருக்கிறான் என்று கேட்பாய். கேள். நீ உயிரோடு இருந்த கடைசி இரண்டு வருஷம் நாம் ஒருவரை ஒருவர் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லையே.

முதலில் ஊர்ச் சேதி. போன வருஷம் வெள்ளைக்காரன் போய்விட்டான். கடத்தூர் சந்தைத் திடலில் பந்தல் போட்டுக் கொடி ஏற்றினார்கள். ஏற்றியது யார் தெரியுமா? அந்தத் தேர்தலில் பச்சைப் பெட்டிக்கு நின்றாரே பாதி ஊர் நிலத்துக்குச் சொந்தக்காரரான உன் மிட்டாதார், அவரேதான். கஞ்சி போட்ட கதர்ச் சட்டையில் ஆளே அடையாளம் தெரியவில்லை. இப்போது அவர் எங்கள் கட்சி. அவரை எதிர்த்து மஞ்சள் பெட்டிக்கு நின்ற எங்கள் ஆள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, இருவரும் ஒரே தட்டில் வெற்றிலை எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன். 

இந்த இரண்டு பேருக்காகவா மாப்பிள்ளை நாம் அப்படி அடித்துக்கொண்டோம்?

படிப்பு அறியாத சனங்களும் ஓட்டுப் போடட்டும் என்று அந்தத் தேர்தலில் ஆளுக்கொரு நிறத்தில் பெட்டி வைத்தார்கள். நான் மஞ்சள், நீ பச்சை. இதில் வயிறெரியும் விஷயம், நம் இருவருக்கும் ஓட்டே கிடையாது. நாம் கட்டிய சொற்ப நிலவரிக்கு ஓட்டுப் பட்டியலில் இடம் இல்லை. ஓட்டு உள்ள பெரிய பண்ணையக்காரர்கள் போட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். ஓட்டில்லாத நாம் காப்பிக்கடையில் பெஞ்சைத் தட்டித் தட்டிக் கத்தினோம். நீ ஒரு பத்திரிகையை உரக்கப் படித்தால் நான் இன்னொரு பத்திரிகையை அதைவிட உரக்கப் படிப்பேன். கடைக்காரர் கடைசியில் இரண்டு பத்திரிகையையும் நிறுத்திவிட்டார்.

அதற்கு முன்னால் நாம் எப்படி இருந்தோம் என்பதை நினைத்தால் எனக்கே நம்பிக்கை வரவில்லை. என் தங்கை காவேரியை உனக்குக் கொடுத்த நாளில் இருந்து உன் காடும் என் காடும் ஒரே கிணற்றில்தான் பாய்ந்தன. ஒரு சோடி மாடு வாங்கும் வசதி இரண்டு பேருக்கும் இல்லை. உன் செவலையும் என் மயிலையும் சேர்ந்தால்தான் தண்ணீர் இறைக்க ஒரு கவலை மாடு. இரண்டும் சரிவில் இறங்கி வடத்தை இழுத்தால்தான் சால் தண்ணீரோடு மேலே வரும். காலையில் நான் மாடு ஓட்ட நீ மடை திருப்புவாய். வெயில் ஏறியதும் நீ ஓட்ட நான் மடைக்குப் போவேன். யார் காட்டுக்குத் தண்ணீர் என்று நாம் ஒரு நாளும் கணக்குப் பார்த்ததில்லை.

உன் பெண் ராசம்மாவின் காதுகுத்தில்தான் எல்லாம் முறிந்தது. முனியப்பன் கோயிலில் சொந்தபந்தம் எல்லாம் கூடியிருந்தது. ஆசாரி ஊசியோடு தயாராக இருந்தார். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்த வேண்டிய பிள்ளை. நான் மாமன் சீராகக் கதர்ப் பாவாடை கொண்டுவந்திருந்தேன். வீம்புக்குத்தான் அதை எடுத்தேன், மறைப்பானேன்? ஏழு வயதுப் பிள்ளைக்கு அது முரடாகத்தான் இருந்தது.

நீ அதைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினாய். "மச்சான், இந்தக் கோணிச்சாக்கையா எம்பொண்ணுக்குக் கட்டறது? மஞ்சப் பெட்டிக்காரன் சும்மா குடுத்தானா?"

சபையே சிரித்தது. எனக்குக் கண் மண் தெரியவில்லை. எரிந்துகொண்டிருந்த கற்பூரத் தட்டின் மேல் கையை வைத்து, "இனிமே உங்கூட ஒரு வார்த்த பேசினா நான் எங்கப்பனுக்குப் பொறக்கல" என்றேன். சொல்லிவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு நடந்தேன். காவேரி பின்னாலேயே வந்து கையைப் பிடித்தாள். குத்தி முடிக்கிற வரைக்குமாவது இரு என்று கெஞ்சினாள். நான் இருக்கவில்லை. நம் வகையறாவில் மாமன் மடி இல்லாமல் அம்மா மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்ட பிள்ளை ராசம்மா ஒருத்திதான்.

சத்தியம் செய்தாயிற்று. ஆனால் பயிர் வாடக் கூடாதே. மறுநாள் காலையில் நீ செவலையைப் பிடித்துக்கொண்டு வந்தாய், நான் மயிலையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். வாயைத் திறக்காமல் பூட்டினோம். இரண்டே நாளில் வழி கண்டுபிடித்துவிட்டோம்.

"ஏ மயில, மேமடை ரொம்பிடிச்சின்னு உங்காளுகிட்ட சொல்லு" என்பாய் நீ.

"ஏ செவல, எங்களுக்கும் கண்ணு இருக்குதுன்னு சொல்லு" என்பேன் நான்.

மாட்டைச் சாக்கிட்டு இப்படியே இரண்டு வருஷம் ஓட்டினோம். ஊரில் நம்மைப் பார்த்துச் சிரித்தார்கள். காவேரியும் ஆரம்பத்தில் சிரித்தாள், மாட்டுக்குப் பேச்சு வந்தால் முதலில் உங்கள் இரண்டு பேரையும்தான் காறித் துப்பும் என்றாள். பிறகு அவளும் சிரிப்பதை விட்டுவிட்டாள். என் வீட்டில் உன் பேரை எடுத்தால் நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவேன், உன் வீட்டில் நீயும் அப்படித்தான் என்று கேள்வி. இரண்டு அடுப்புக்கும் நடுவில் அவள்தான் வெந்தாள். தீபாவளிக்கு அவள் தாய் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. கள்ளுக்கடைகளை மூடியபோது இன்னும் மோசமானது. அது எங்கள் ஆட்சி செய்தது என்பதால் நான் தெருவில் நிமிர்ந்து நடந்தேன். நீ குடிக்கிறவனே இல்லை, ஆனாலும் எனக்காகவே கள்ளுக்கடைப் பக்கம் பேசினாய்.

எல்லாவற்றையும் மாட்டிடம் சொல்லிவிடலாம், வடத்தை மட்டும் மாட்டை வைத்துத் திரிக்க முடியாது. வருஷா வருஷம் தை பிறந்ததும் கத்தாழை நாரை ஊறவைத்து, அடித்து, நாம் இருவரும் எதிரெதிரே நின்று புது வடம் முறுக்குவோம். ஒருவன் இழுக்க ஒருவன் முறுக்க வேண்டும். முகத்துக்கு முகம் பார்த்தே தீர வேண்டிய வேலை அது. அந்த இரண்டு தையும் நீ கூப்பிடுவாய் என்று நான் இருந்தேன், நான் கூப்பிடுவேன் என்று நீ இருந்தாய். பழைய வடத்திலேயே தண்ணீர் இறைத்தோம்.

இனிமேல் சொல்லப்போவது உனக்குத் தெரியாதது. உலகத்தில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

சீமையில் சண்டை தொடங்கி, எங்கள் மந்திரிகள் பதவியை விட்டு இறங்கிய சேதி வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? காப்பிக்கடையில் நீ எல்லாருக்கும் பொரிகடலை வாங்கிக் கொடுத்தாய். ஒரு பொட்டலத்தைக் கடைக்காரர் கையில் எனக்கும் கொடுத்தனுப்பினாய். நான் அதைத் தெருவில் விசிறியடித்தேன். அன்றைக்கு எனக்குள் கிடந்து எரிந்ததை இன்று வரை மறக்க முடியவில்லை.

மறுநாள் காலையில் நான் கவலை ஓட்டினேன். என் முறை முடிந்து மாட்டை நிறுத்தும்போது உருளைக்குப் பக்கத்தில் வடத்தைப் பார்த்தேன். மூன்று புரியில் ஒன்று அறுந்து தொங்கியது. மற்ற இரண்டும் பிசிர் பிசிராக இருந்தன. கையை வைத்துக்கூடப் பார்த்தேன், மாப்பிள்ளை.

நீ வந்து சாட்டைக்குச்சியை எடுத்தாய். செவலையிடம் சொல்லியிருக்கலாம். மயிலையிடம் சொல்லியிருக்கலாம். வடத்தைப் பார்த்து விரலை நீட்டியிருந்தால்கூடப் போதும். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அறுந்தால் சால் கிணற்றில் விழும், பொரிகடலை கொடுத்தவன் நாள் முழுக்கப் பாதாளக் கரண்டியைப் போட்டுத் துழாவட்டும் என்று நினைத்தேன். அதை நினைத்துச் சிரிப்புக்கூட வந்தது. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மடைக்குப் போய்விட்டேன். மாடு சரிவில் இறங்கும்போது பாரத்துக்காக வடத்தின் மேல் நீ ஏறி உட்காருவாய் என்பது எனக்குத் தெரியாதா? அதுவரைக்கும் நானும் அப்படித்தானே உட்கார்ந்து ஓட்டினேன். நினைப்பு அங்கே போகவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். போகவில்லையா, நான் போகவிடவில்லையா?

சத்தம் கேட்டு ஓடி வந்தேன். மாடுகள் சரிவின் அடியில் நுகத்தோடு முட்டிக்கொண்டு நின்றன. நீ மல்லாந்து கிடந்தாய். பின்மண்டைக்கு அடியில் கருங்கல் இருந்தது. தலையைத் தூக்கி மடியில் வைத்தேன். கண்ணைத் திறந்தாய்.

"மச்சான், கடைசிப் பாத்திக்குப் பாஞ்சிடுச்சா?" என்றாய்.

இரண்டு வருஷம் கழித்து நீதான் முதலில் பேசினாய்.

"பாஞ்சிடுச்சி மாப்ள" என்றேன். பாயவில்லை, பாதிக் காடு காய்ந்துதான் கிடந்தது. அது உன் காதில் விழுந்ததா? செவலையையும் மயிலையையும் வண்டியில் பூட்டி, காவேரியையும் ஏற்றிக்கொண்டு தர்மபுரி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். வழி நெடுக உன்னிடம் பேசிக்கொண்டே போனேன், இரண்டு வருஷப் பேச்சையும் பேசினேன். பாதி வழியில் காவேரி உன் மார்பில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, வண்டியைத் திருப்பச் சொன்னாள்.

சாவு வீட்டிலும் கட்சி பிரிந்துதான் நின்றார்கள். உன் ஆட்கள் ஒரு பக்கம், என் ஆட்கள் ஒரு பக்கம். எங்கள் ஆள் ஒருவன் என் காதோரம் வந்து, "பொரி குடுத்தான் இல்ல, சாமி கேட்டுடுச்சி" என்றான். அவனை நான் அறையவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். அதையும் உன்னிடம் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்ததும் காவேரி கேட்டாள். "ஏண்ணா, காலையில நீதான ஓட்டுன. வடம் நல்லாத்தான இருந்துச்சி?"

"நல்லாத்தான் இருந்துச்சிம்மா" என்றேன்.

அவள் நம்பிவிட்டாள். அதற்குப் பிறகு யார் கேட்டாலும், "அவரு அவசரக்காரரு, வடத்த இழுத்துப் பாக்காம ஏறி உக்காந்துட்டாரு" என்றுதான் சொல்கிறாள். உன் பிள்ளையும் அதையே கேட்டு வளர்ந்திருக்கிறாள். ஒன்பது வருஷமாக உன் சாவுக்கு உன்னையே பொறுப்பாக்கி வைத்திருக்கிறேன். கட்சிச் சண்டையில் நான் உனக்குச் செய்த எல்லாவற்றையும்விட இது பெரிது. என் வீட்டுக்காரிக்குக்கூட இது தெரியாது.

உன் காட்டை நான்தான் உழுகிறேன். சீமைச் சண்டைக் காலத்தில் தானியத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது, உன் வீட்டுக்குத் தானியம் போன பிறகுதான் என் வீட்டில் கூழ் காய்ச்சினோம். ஊர் என்னைப் புகழ்கிறது. தங்கச்சி குடும்பத்தைத் தாங்குகிறவன் என்று எனக்குப் பேர். அந்தப் பேரைக் கேட்கும்போதெல்லாம் எழுந்து ஓடிவிடலாம் போலிருக்கும், ஆனாலும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ராசம்மாவுக்குப் பதினெட்டு நடக்கிறது. உன் உயரம், உன் வாய். என் மூத்தவன் பெருமாளுக்கும் அவளுக்கும் மனசு ஒத்துப் போயிருக்கிறது. போன வாரம் காவேரி வந்து கேட்டாள். "அவரு போனப்பறம் எங்கள வுடாம பாத்துக்கிட்ட வூடு இது. எம்பொண்ண வேற எங்கண்ணா குடுப்பேன்?" வரும் வெள்ளிக்கிழமை வெற்றிலைத் தட்டோடு வருகிறாள். என் வீட்டுக்காரி வாசல் மெழுகக் களிமண் குழைத்துக்கொண்டிருக்கிறாள். அதைப் பார்த்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

சொன்னால் இந்தச் சம்பந்தம் நின்றுபோகும். சின்னஞ்சிறுசுகள் என்ன பாவம் செய்தார்கள், அவர்களுக்காகவாவது வாயை மூடு என்று ஒரு மனசு சொல்கிறது. அந்த மனசை நான் நம்புவதில்லை. ஒன்பது வருஷமாக அது இப்படித்தான் ஏதாவது ஒரு நல்ல காரணத்தை எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறது. உன் பிள்ளை மருமகளாக வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டால் நான் எந்தக் கையால் அவளை எழுப்புவது?

இந்தக் காகிதத்தையே காவேரியிடம் கொடுத்துவிடலாமா என்று யோசித்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ராசம்மாதான் படித்துக் காட்ட வேண்டும். தன் அப்பன் செத்த கதையை அந்தப் பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிக்கக் கூடாது. அதனால் நானே போகிறேன்.

வெள்ளிக்கிழமை அவள் இங்கே வரும் முன்னால், வியாழக்கிழமை காலையில் நான் அங்கே போய்விடுவேன். ராசம்மா மாட்டை ஓட்டிக்கொண்டு காட்டுக்குப் போகிற நேரமாகப் பார்த்துப் போவேன். வடம் அறுந்திருந்ததைப் பார்த்தேன், பார்த்தும் சொல்லவில்லை, உன் புருஷன் மேல் ஒரு தப்பும் இல்லை என்று சொல்வேன். பெட்டியையும் பொரிகடலையையும் இழுத்து என்னைக் காப்பாற்றிக்கொள்ள மாட்டேன். அவள் விளக்குமாற்றை எடுத்தாலும் நகர மாட்டேன். பெண் கொடுக்க மாட்டேன் என்றால் பெருமாளிடம் அதற்கு நான்தான் காரணம் என்றும் சொல்வேன். உன் காட்டை மட்டும் அவள் வேண்டாம் என்று சொல்கிற வரைக்கும் உழுதுகொண்டிருப்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

வியாழனுக்குப் பிறகு அவள் என்னை அண்ணன் என்று கூப்பிடுவாளோ மாட்டாளோ தெரியாது. அதற்கு முன்னால் உன்னிடமாவது இந்த உறவை உரிமையோடு எழுதிப் போட்டுக்கொள்கிறேன்,

உன் மச்சான்,
கோவிந்தன்